கொல்லாமல் விரட்டும் கருவிகள்: முள்கம்பி முதல் மின்வேலி வரை

செம்பனைக் கன்று நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் தோட்டத்தில் தூக்கம் கெடும் காலம். கன்றின் நடுக்குருத்து இளசாகவும் இனிப்பாகவும் இருக்கும். காட்டுப்பன்றி அடிமண்ணைக் கிளறி அதைத் தின்னும். முள்ளம்பன்றி தண்டைக் குடையும். யானை வந்தால் கன்றையே பிடுங்கி, குருத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிட்டு அடுத்த கன்றுக்குப் போகும். செம்பனைக்கு நடுக்குருத்து ஒன்றே ஒன்றுதான். அது போனால் மரம் போனது. பக்கக் கிளை விட்டுப் பிழைத்துக்கொள்ள அது முருங்கை இல்லை.

இதைத் தடுக்க லயத்து மக்கள் செய்யாத வித்தை இல்லை. தகரத்தைத் தட்டினார்கள். பால் டின்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார்கள். தீ மூட்டினார்கள், நாய் வளர்த்தார்கள், பழைய சட்டைக்குள் லாலாங் புல்லைத் திணித்துப் பொம்மை நட்டார்கள். மூங்கில் குழாயில் கார்பைட் போட்டுத் தண்ணீர் ஊற்றி வெடித்தார்கள். கார்பைட்டும் தண்ணீரும் சேர்ந்தால் அசெட்டிலீன் வாயு வரும். நெருப்பு பட்டதும் பீரங்கி மாதிரி சத்தம் போடும். அந்தக் குழாய் பிளந்து விரலை இழந்தவர்களும் உண்டு.

இவை எல்லாமே முதல் வாரம் வேலை செய்யும். அப்புறம் செய்யாது. சத்தத்துக்குப் பிறகு ஒன்றும் நடப்பதில்லை என்பதை விலங்கு கற்றுக்கொள்கிறது. பொம்மையின் தலையிலேயே காகம் உட்காரும். விலங்கின் நடத்தையை ஆராய்கிறவர்கள் இதைப் பழகிப்போதல் என்கிறார்கள். கொல்லாமல் விரட்ட நினைக்கும் எந்தக் கருவிக்கும் முதல் எதிரி இதுதான். வெறும் பயமுறுத்தல் நாள்பட்டால் செல்லாக்காசு. அதன் பின்னால் ஒரு சிறிய உண்மையான வலி இருக்க வேண்டும்; ஆனால் அந்த வலி உயிரை எடுக்கக்கூடாது. கடந்த 150 ஆண்டுகளில் வந்த கண்டுபிடிப்புகள் பலவும் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகலான இடத்தைத் தேடியவைதான்.

முள்கம்பி

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டிகால்ப் என்ற ஊர் விவசாயி ஜோசப் கிளிடன். 1874 நவம்பர் 24-இல் அவருக்கு முள்கம்பிக்கான காப்புரிமை கிடைத்தது. இரண்டு கம்பிகளை முறுக்கி, இடையில் முள்ளை நகராமல் பிடிக்கவைத்தது அவருடைய யோசனை. மரமே இல்லாத புல்வெளியில் மாட்டை அடைக்க மரவேலி போட வழியில்லை. அங்கே இந்தக் கம்பி பெரிய வரப்பிரசாதம். மாடு ஒருமுறை உரசும், குத்தும், விலகிக்கொள்ளும்.

மாட்டுக்கு இது சரி. தடித்த தோலும் தாழ்ந்த உடம்பும் கொண்ட காட்டுப்பன்றி கீழே மண்ணைத் தோண்டிக்கொண்டு நுழைந்துவிடும். யானைக்கு முள்கம்பி ஒரு நூல். குரங்குக்கு அது ஏணி. போதாததற்கு, முள் கிழித்த காயத்தில் புழு வைத்து, வெட்டுக்குத் தப்பிய கால்நடையும் சாகும். வலி உண்டு, ஆனால் அளவு இல்லை. அதுதான் முள்கம்பியின் குறை.

குதிரை கற்றுக்கொடுத்த பாடம்

மின்வேலியின் கதை நியூசிலாந்தின் ஹாமில்டன் பக்கம் தொடங்குகிறது. 1930-களில் பில் கல்லாகர் என்ற விவசாயியின் குதிரைக்கு அவருடைய காரில் உடம்பைத் தேய்த்துக்கொள்வதில் பிரியம். கார் ஆடினால் எஞ்சினின் மேக்னெட்டோவிலிருந்து ஒரு சின்ன மின்னதிர்ச்சி போகும்படி அவர் இணைப்பு கொடுத்தார். குதிரை அதோடு காரை விட்டது. அந்த விளையாட்டே தொழிலாகி, 1938-இல் கல்லாகர் நிறுவனம் பிறந்தது. இன்று உலகம் முழுவதும் மின்வேலிக் கருவி விற்கும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

ஆரம்பகாலக் கருவிகளுக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. கம்பியில் ஈரப்புல் பட்டால் மின்சாரம் மண்ணுக்குள் கசிந்து, வேலி செத்துப்போகும். 1962-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த டக் பிலிப்ஸ் இதற்கு வழி கண்டார். மின்சாரத்தை ஒரு மின்தேக்கியில் சேர்த்துவைத்து, ஒரே வீச்சில் கம்பிக்குள் தள்ளிவிடும் முறை அது. வீச்சு அவ்வளவு வேகமாக இருப்பதால் கொஞ்சம் புல் பட்டாலும் நீண்ட தூரம் போய்ச் சேரும். கிலோமீட்டர் கணக்கில் மின்வேலி போட முடிந்தது இதற்குப் பிறகுதான்.

எனர்ஜைசர் என்று தோட்டங்களில் சொல்லப்படும் பெட்டி செய்வது இவ்வளவே. 12 வோல்ட் பேட்டரியிலிருந்தோ, சோலார் தகட்டிலிருந்தோ, வீட்டு மின்சாரத்திலிருந்தோ சக்தியை எடுத்துக்கொள்ளும். அதைச் சேமித்து, சுமார் ஒரு வினாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பாகக் கம்பியில் விடும். விலங்கின் மூக்கு கம்பியில் பட்டால், துடிப்பு அதன் உடம்பு வழியே காலுக்கு இறங்கி, மண்ணுக்குள் போய், மண்ணில் அடித்துவைத்த எர்த் கம்பிகள் வழியாகப் பெட்டிக்குத் திரும்பும். இந்தச் சுற்று முழுமையானால்தான் அடி விழும். கம்பியில் உட்கார்ந்த சிட்டுக்குருவிக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அதன் கால் மண்ணில் இல்லை என்பதே.

மின்வேலியில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது என்று சொல்வது மிகை இல்லை. எர்த் கம்பியை ஒன்றோடு நிறுத்திக்கொள்வது, துருப்பிடித்த பழைய இரும்பைப் போடுவது, காய்ந்த மேட்டில் அடிப்பது இவைதான் வேலி வேலை செய்யாததற்கு வழக்கமான காரணங்கள். கம்பியில் நாளாயிரம் ரிங்கிட் செலவழித்துவிட்டு எர்த்தில் மிச்சம் பிடிப்பவர்கள் கடைசியில் பன்றிக்கு வேலி காட்டியவர்களாகிறார்கள்.

8,000 வோல்ட் கொல்லாது, 230 வோல்ட் கொல்லும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது இந்தப் பகுதிதான்.

மின்வேலிக் கம்பியில் 8,000 வோல்ட் ஓடுகிறது என்று கேட்டதும், வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட் அதைவிடச் சாது என்று தோன்றும். அந்தக் கணக்கில்தான் சிலர் வீட்டிலிருந்து ஒரு வயரை நேரடியாக இழுத்து, காய்கறிப் பாத்தியைச் சுற்றிய கம்பியில் கட்டிவிடுகிறார்கள். எனர்ஜைசர் வாங்கும் பணம் மிச்சம். பன்றி வந்தால் விழும், கறியும் கிடைக்கும். மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் இப்படிக் கட்டிய கம்பியில் விலங்கோடு மனிதர்களும் செத்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இதே மாதிரி வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன.

உயிரைத் தீர்மானிப்பது வோல்ட் மட்டும் இல்லை. உடம்புக்குள் எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதே தீர்மானிக்கிறது. எனர்ஜைசரின் ஒரு துடிப்பு வழக்கமாக ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. அனைத்துலகப் பாதுகாப்புத் தரம் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது: ஒரு துடிப்புக்கு 5 ஜூலுக்கு மேல் போகக்கூடாது, இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு வினாடியாவது இடைவெளி வேண்டும். தொட்டவருக்குச் சுரீர் என்று ஓர் அடி விழும். அடுத்த அடி வருவதற்குள் கையை எடுத்துக்கொள்ள ஒரு முழு வினாடி இருக்கும். அந்த ஒரு வினாடிதான் கண்டுபிடிப்பு. வலியைவிட, தப்பிக்கக் கொடுத்த இடைவெளியே இந்தக் கருவியின் மூளை.

வீட்டு மின்சாரத்தில் அந்த இடைவெளி கிடையாது. வினாடிக்கு 50 சுற்று, நிற்காமல் ஓடும். சுமார் 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே கைத்தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஒரு வினாடி இரண்டு வினாடி நெஞ்சு வழியே ஓடினால் இதயம் தாளம் தப்பித் துடிதுடிக்கத் தொடங்கிவிடலாம். ஈரமான கையும் வெறுங்காலும் உள்ள ஆளுக்கு 230 வோல்ட் இதைப்போல் பல மடங்கைத் தள்ளும்.

ஃபியூஸ் விழுந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். விழாது. வீட்டு ஃபியூஸும் எம்.சி.பி.யும் பல ஆம்பியருக்கு அளந்து வைத்தவை; ஒரு மனிதனைக் கொல்லும் மின்னோட்டம் அவற்றுக்கு ஒரு பல்பு எரிவதைப் போன்றது. ஆளைக் காப்பாற்றக்கூடியது கசிவைப் பார்த்து அணைக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றுதான். ஆனால் ஈரப்புல் பட்டாலே அது டிரிப் ஆகும். வேலிக்கு நேரடி வயர் இழுத்தவர் இரவில் நாலு தடவை எழுந்து போக மாட்டார். அதைத் தாண்டித்தான் இணைப்பார். காப்பாற்ற இருந்த கடைசிக் கருவியும் அங்கே போய்விடுகிறது.

அந்தக் கம்பிக்குப் பன்றியைத் தெரியாது. அதிகாலை இருட்டில் மரம் வெட்டப் போகிறவர், பந்தைத் தேடிப் புதருக்குள் கை விடும் பையன், காளான் பறிக்க வந்த பாட்டி, பக்கத்து லயத்து நாய் எல்லாரும் அதற்கு ஒன்றே. சட்டமும் கண்ணை மூடிக்கொள்ளாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் மலேசியக் குற்றவியல் சட்டம் 304ஏ பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பயிரைக் காக்க நினைத்தேன் என்பது பதிலாகாது.

இன்னொன்றும் உண்டு. செத்த பன்றி எதையும் கற்பதில்லை. அடுத்த வாரம் வேறு கூட்டம் வரும். துடிப்பு வேலியில் மூக்கைச் சுட்டுக்கொண்ட பன்றி உயிரோடு இருந்து, தன் குட்டிகளையும் அந்தப் பக்கம் விடாது. அது தோட்டத்துக்குக் காவலே.

யானையோடு நடக்கும் நீண்ட போட்டி

1960-களிலும் 70-களிலும் ஃபெல்டா நிலங்களும் தனியார் தோட்டங்களும் காட்டுக்குள் விரிந்தன. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலமும் அதுவே. யானைக்கு அது வீட்டு வாசலில் வைத்த விருந்து. சுட்டுக் கொல்வதே முதலில் வழக்கமாக இருந்தது. 1974-இல் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் வேறு வழிக்கு வந்தது. அசாமிலிருந்து பழக்கிய கும்கி யானைகளைக் கொண்டுவந்து, ஊருக்குள் வரும் யானையை மயக்கிப் பிடித்து, தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடும் வேலை தொடங்கியது. அப்படி இடம் மாற்றிய யானைகள் 600-க்கும் மேல். பகாங்கின் குவாலா கண்டா யானைகள் காப்பகம் 1989-இல் இந்த வேலைக்காகத்தான் அமைந்தது. இன்று பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போகும் இடமாகவும் இருக்கிறது.

இடம் மாற்றம் செலவு பிடித்த வேலை. விட்ட யானைகளில் சில பழைய இடம் தேடித் திரும்ப நடந்தன என்பதைக் கழுத்தில் மாட்டிய செயற்கைக்கோள் பட்டைகள் காட்டின. ஆகவே 2009 முதல் அரசாங்கம் பல இடங்களில் யானைகளுக்கான நிரந்தர மின்வேலிகளைக் கட்டத் தொடங்கியது.

யானை இங்கே தன் அறிவைக் காட்டியது. தந்தம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை அது கண்டுகொண்டது. தந்தத்தால் கம்பியைத் தூக்கி அறுக்கும். தந்தம் இல்லாதது அருகில் உள்ள மரத்தைச் சாய்த்து வேலியின் மேல் தள்ளும். கம்பியை விட்டுவிட்டுத் தூணை மட்டும் காலால் மிதித்துச் சாய்க்கும். இவை கதைகள் இல்லை. வேலியைப் பராமரிப்பவர்கள் பார்த்து எழுதியவை. இதனால்தான் யானை வேலிக்கு இரண்டு பக்கமும் மரம் விழுந்தால் எட்டாத அகலத்துக்குத் தரையை வெளியாக வைத்திருக்கச் சொல்கிறார்கள். சில இடங்களில் தூணின் மேலும் கம்பி சுற்றுகிறார்கள், வெளிப்பக்கம் நீட்டிய கம்பிகளும் வைக்கிறார்கள்.

வேலியைக் கட்டுவது எளிது, வைத்துக் காப்பதே வேலை. லாலாங் ஒரு மாதம் மழையில் ஆளுயரம் வளரும். கம்பியில் சாயும் ஒவ்வொரு தாளும் ஒரு சிறு கசிவு. ஆயிரம் தாள் சேர்ந்தால் தொலைமுனையில் துடிப்பே இருக்காது. சோலார் பேட்டரி திருட்டுப்போகும். கொடி ஏறும். இன்சுலேட்டர் வெயிலில் வெடிக்கும். ஆகவே வேலியோரம் தினமும் நடக்கும் ஓர் ஆளும், கையில் வோல்ட் பார்க்கும் கருவியும் இல்லாத தோட்டத்தில் மின்வேலி என்பது வெறும் கம்பி. ஒருமுறை செத்த வேலியைத் தாண்டிய யானைக்கு அது செத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். மறுபடி உயிர் கொடுத்தாலும் அந்த மரியாதை திரும்ப வர நாளாகும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இந்த உழைப்பைவிட விஷம் வைப்பது சுலபம். 2013 ஜனவரியில் சபாவின் குனுங் ராரா காட்டுப் பகுதியில் 14 குள்ள யானைகள் செத்துக் கிடந்தன. விஷம் என்றே சந்தேகிக்கப்பட்டது. செத்த தாயின் பக்கத்தில் நின்று அதை எழுப்பப் பார்த்த குட்டியின் படம் உலகம் முழுவதும் போனது. யானை 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. கண்ணி வைப்பதும் அதே சட்டத்தில் குற்றம்.

பன்றிக்கு வேலி போடுபவர் உயரத்தைக் குறைக்க வேண்டும். முதல் கம்பி முழங்காலுக்கு நன்றாகக் கீழே, பன்றியின் ஈரமூக்கு முதலில் படும் இடத்தில் ஓட வேண்டும். இன்னொன்று அதற்கு ஒரு சாண் மேலே. உடம்பில் படுவதைவிட மூக்கில் பட்டால்தான் பாடம். குரங்கின் கணக்கு வேறு. அது மரத்திலிருந்தே குதிக்கும், தரையைத் தொடாது, ஆகவே சுற்று முழுமையாகாது. அதற்கு ஒரு கம்பி மின்சாரம், அடுத்த கம்பி எர்த் என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அடி விழும். பக்கத்துக் கிளையை வெட்டாமல் இதைச் செய்து பயனில்லை. கோயிலடியிலும் வீட்டு வாசலிலும் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டும் பழக்கம் இருக்கும் வரை எந்த வேலியும் அதைத் தடுத்துவிடப்போவதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தேனீயும் மிளகாயும்

கென்யாவில் லூசி கிங் என்ற ஆராய்ச்சியாளர் யானைக்குத் தேனீ என்றால் ஆகாது என்ற கிராமத்துச் சொல்லைச் சோதித்துப் பார்த்தார். தேனீக்களின் இரைச்சலை ஒலிபெருக்கியில் போட்டதும் யானைக் கூட்டம் விலகி ஓடியது. 2007-இல் அது வெளியானது. தோல் தடித்திருந்தாலும் கண்ணோரமும் தும்பிக்கையின் உள்பக்கமும் மென்மையானவை. அங்கே கொட்டினால் தாங்காது. அதன்பின் வயலைச் சுற்றிச் சுமார் 10 மீட்டருக்கு ஒரு தேன்கூட்டைத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். யானை கம்பியை முட்டினால் கூடு ஆடும், தேனீ கிளம்பும். வேலிக்கு வேலி, தேனுக்குத் தேன். இலங்கையின் உடவளவையில் ஆசிய யானைகளிடமும் தேனீச் சத்தத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அவையும் விலகின. இங்கே கம்போங்குகளில் வளர்க்கும் கெலுலுட் இதற்கு உதவாது. அதற்குக் கொடுக்கு இல்லை.

மிளகாய் இன்னொரு பழைய ஆயுதம். ஆப்பிரிக்க விவசாயிகள் மிளகாய்த்தூளைக் கிரீஸில் குழைத்துக் கயிற்றில் பூசி வேலி கட்டுகிறார்கள். சாணத்தோடு சேர்த்துக் கொளுத்திப் புகை போடுகிறார்கள். மிளகாயின் கேப்சைசின் நாக்கைச் சுடுவதில்லை, சுடுவதாக நரம்பை நம்பவைக்கிறது. வெப்பத்தை உணரும் அதே ஏற்பியைத்தான் அது தட்டுகிறது. 1997-இல் அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளின் ஏற்பி இதற்கு மசிவதில்லை. கிளி மிளகாயைக் கொறித்துக்கொண்டே இருப்பது அதனால்தான். ஆகவே காய்கறித் தோட்டத்தில் மிளகாய்த் தண்ணீர் தெளித்தால் பாலூட்டிகள் கொஞ்சம் தயங்கும், பறவை தயங்காது. மழை பெய்தால் அதுவும் போச்சு.

மனிதர்மேல் திரும்பியபோது

அதே மிளகாய் மனிதர்களை விரட்டவும் வந்தது. அமெரிக்கத் தபால்காரர்கள் நாய்க்கடிக்குத் தப்ப 1960-களிலிருந்தே கேப்சைசின் தெளிப்பானை வைத்துக்கொண்டார்கள். கரடிக்காக 1980-களில் மொன்டானாவில் ஒன்று உருவானது. பிறகுதான் போலீஸ் இடுப்பிலும் பெண்கள் கைப்பையிலும் அது ஏறியது. ஜொகூர் பாலத்தைத் தினமும் கடப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அனுமதி இல்லாமல் மிளகாய்த் தெளிப்பானைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோனால் சோதனைச் சாவடியிலேயே சிக்கல். சாவிக் கொத்தில் தொங்கும் சின்ன உருளைக்கும் இதுவே விதி.

கண்ணீர்ப்புகை என்று எல்லாரும் சொல்லும் சி.எஸ். உண்மையில் வாயு இல்லை. காற்றில் மிதக்கும் நுண்தூள். 1928-இல் அதைத் தயாரித்த பென் கார்சன், ரோஜர் ஸ்டவ்டன் என்ற இருவரின் பெயர் முதலெழுத்துகளே அதன் பெயர். மலேசியத் தமிழர்களில் ஒரு தலைமுறைக்கு இதன் எரிச்சல் 2007 நவம்பர் 25-ஆம் தேதியோடு சேர்ந்தே நினைவில் இருக்கிறது. இண்ட்ராஃப் பேரணியன்று பத்துமலையிலும் கோலாலம்பூர் நகரிலும் கண்ணீர்ப்புகையும் ரசாயன நீர்ப்பீரங்கியும் பாய்ந்தன. வெட்டவெளியில் இது கண்ணை எரித்து ஆளைக் கலைக்கும். கதவடைத்த இடத்திலோ வெளியேற வழியில்லாத கூட்டத்திலோ அதே தூள் மூச்சை அடைக்கும். 1993-இல் கையெழுத்தான ரசாயன ஆயுத உடன்படிக்கை போர்க்களத்தில் இதைத் தடைசெய்கிறது. உள்நாட்டுக் கலவரத்தை அடக்க அனுமதிக்கிறது. எதிரி நாட்டுச் சிப்பாய்க்கு இல்லாத கஷ்டம் சொந்த நாட்டுக் குடிமகனுக்கு என்பது விசித்திரம்தான்.

டேசர் மின்வேலியின் சொந்தக்காரன். விண்வெளித் திட்டத்தில் வேலை செய்த ஜேக் கவர் 1974-இல் அதை உருவாக்கி, தான் சிறுவயதில் விரும்பிப் படித்த டாம் சுவிப்ட் கதைப் புத்தகத்தின் பெயரிலிருந்து பெயர் வைத்தார். அதுவும் துடிப்புத்தான். ஆனால் மின்வேலி ஒரு வினாடிக்கு ஒன்று விட்டு ஆளை ஓடவிடும். டேசர் வினாடிக்கு ஏறக்குறைய 20 விட்டு, ஐந்து வினாடி தசையைப் பூட்டி ஆளைக் கீழே விழவைக்கும். இடைவெளியை எடுத்துவிட்டதால் ஆபத்தும் கூடியது. டேசர் பட்டபின் இறந்தவர்கள் உண்டு. ரப்பர் தோட்டாவும் அப்படியே. பிரிட்டிஷ் ராணுவம் ஹாங்காங்கில் மரக்கட்டைத் தோட்டாவாகத் தொடங்கியதை 1970-இல் வட அயர்லாந்தில் ரப்பராக மாற்றியது. அங்கே ரப்பர், பிளாஸ்டிக் தோட்டாக்களால் 17 பேர் இறந்தார்கள், பலர் சிறுவர்கள். இதனால்தான் இப்போது பல நாட்டுப் போலீஸ் இவற்றை உயிர்கொல்லாக் கருவி என்று சொல்வதை விட்டுவிட்டு, உயிராபத்துக் குறைந்த கருவி என்கிறது. சொல் மாறியதற்குப் பின்னால் பிணங்கள் இருக்கின்றன.

சத்தத்தால் விரட்டும் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேல்ஸ் நாட்டின் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் 2005-இல் கடை வாசலில் கூடும் இளைஞர்களை விரட்ட ஒன்று செய்தார். 17 கிலோஹெர்ட்ஸ் கீச்சொலி இளங்காதுக்கு மட்டும் கேட்கும், வயதானவர்களுக்குக் கேட்காது. அதற்குச் சிரிப்பு நோபலான இக் நோபல் பரிசு 2006-இல் கிடைத்தது. கடையிலும் இணையத்திலும் விற்கும், பிளக்கில் செருகினால் எலியும் கரப்பானும் ஓடிவிடும் என்ற மீயொலிப் பெட்டிகளை நம்ப வேண்டாம். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-இலேயே இத்தகைய விளம்பரங்களுக்காக 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. எலிக்கு அதுவும் பழகிப்போகும். அதே காசில் சுவர் ஓட்டையை அடைக்கலாம்.

வேலி போடும் முன்

பட்டணத்து வீடுகளின் மதில்மேல் இப்போது திருடனுக்காக மின்வேலி ஏறியிருக்கிறது. அதுவும் தோட்டத்து வேலியின் அதே துடிப்புக் கருவிதான், அதே விதிகள்தான். அனைத்துலகத் தரத்துக்கு ஏற்ற எனர்ஜைசர் பெட்டியைத் தவிர வேறு எதையும் கம்பியில் இணைக்கக்கூடாது. ஒரே வேலிக்கு இரண்டு பெட்டி கூடாது. இரண்டின் துடிப்பும் கலந்து அந்த ஒரு வினாடி இடைவெளி காணாமல் போகும். முள்கம்பியில் மின்சாரம் விடவே கூடாது. அதில் சட்டையோ தோலோ சிக்கிக்கொண்டவர் விலக முடியாமல் அடிமேல் அடி வாங்குவார். எர்த் கம்பி வீட்டு எர்த்திலிருந்து தள்ளித் தனியாக இருக்க வேண்டும். வழிப்போக்கர் பார்க்கும்படி மலாயிலும் தமிழிலும் எச்சரிக்கைப் பலகை, படத்தோடு தொங்க வேண்டும். மலேசியாவில் மின்வேலி அமைப்பதற்கு எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவிடம் அனுமதி நடைமுறை உண்டு; கம்பி வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. யானை நடமாட்டம் என்றால் பெர்ஹிலித்தானுக்குச் சொல்ல வேண்டும்.

அக்கம்பக்கத்தில் யாராவது வீட்டு வயரை நேரடியாக வேலியில் கட்டியிருப்பது தெரிந்தால், சண்டை வரும் என்று பேசாமல் இருக்க வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடமோ தெனாகா நேஷனலிடமோ சொல்லலாம். யாராவது கம்பியில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்கக்கூடாது, இழுப்பவரும் ஒட்டிக்கொள்வார். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். சுவிட்ச் எங்கே என்று தெரியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ள வேண்டும். ஈர மூங்கிலும் செம்பனை வெட்டும் அலுமினியக் கம்பும் கூடவே கூடாது. ஆள் விடுபட்டபின் மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்; இன்னொருவர் 999-ஐ அழைக்க வேண்டும், சிங்கப்பூரில் 995.